துபாயும் சிங்கப்பூரும் மதுரைக்கு ஏறத்தாழ ஒரே தூரம்: டிக்கெட்டில் மட்டும் ஏன் நான்கு மணி நேர வித்தியாசம்?

உலக உருண்டை ஒன்றை எடுத்து, மதுரை விமான நிலையம் இருக்கும் இடத்தில் நூலின் ஒரு முனையை வைத்து மேற்கே துபாய் வரை இழுத்துப் பிடித்தால், அந்த நூல் காட்டும் தூரம் ஏறத்தாழ 2,950 கி.மீ. அதே நூலைக் கிழக்கே சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வரை இழுத்தால் ஏறத்தாழ 3,015 கி.மீ. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 65 கி.மீ.; மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குச் சாலையில் போகிற தூரம், அவ்வளவுதான். வளைகுடாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் நடுவே தராசு முள்ளைப் போல மதுரை நிற்கிறது.

ஆனால் டிக்கெட்டில் அச்சாகும் நேரம் வேறு கதை சொல்கிறது. நண்பகல் 12 மணிக்கு மதுரையிலிருந்து துபாய்க்கு ஒரு விமானமும் சிங்கப்பூருக்கு ஒரு விமானமும் புறப்படுவதாகவும், இரண்டும் 4 மணி 15 நிமிடம் எடுத்துக்கொள்வதாகவும் வைத்துக்கொள்வோம். துபாய் டிக்கெட்டில் சேரும் நேரம் பிற்பகல் 2:45 என்று இருக்கும். சிங்கப்பூர் டிக்கெட்டில் மாலை 6:45 என்று இருக்கும். ஒன்று இரண்டே முக்கால் மணிப் பயணம் போலவும், மற்றொன்று ஆறே முக்கால் மணிப் பயணம் போலவும் தோன்றுகிறது. இதோடு இணையத்தில் தேடினால் ஒரே தடத்துக்கு ஒரு தளம் ஒரு தூரமும் இன்னொரு தளம் இன்னொரு தூரமும் காட்டுகிறது. வான்வெளி மூடல் பற்றிய செய்திகள் வரும்போது, நம் ஊர் விமானமும் சுற்றிப் போகுமோ என்ற கேள்வி சேர்ந்துகொள்கிறது. குழப்பத்தின் வேர் ஒன்றுதான். தூரம் என்பது ஓர் அளவு. நேரம் என்று நாம் சொல்வதோ மூன்று தனித்தனி அளவுகள். அவை வானில் பறக்கும் நேரம், நிறுத்துமிடத்திலிருந்து நிறுத்துமிடம் வரையிலான நேரம், இரு ஊர்க் கடிகாரங்கள் காட்டும் நேரம். இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு?

விமானத் தூரம் என்பது ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தூரம் அன்று. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை கொண்ட ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. அது பெரும்பாலும் ஓடுபாதையை ஒட்டி அமையும். மதுரை விமான நிலையத்தின் புள்ளி அவனியாபுரத்துக்குத் தெற்கே, பெருங்குடிப் பக்கத்தில், வடக்கு 9.83 பாகை, கிழக்கு 78.09 பாகையில் இருக்கிறது. மீனாட்சி அம்மன் கோயில் அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 10 கி.மீ. வடக்கே உள்ளது. சென்னையின் புள்ளி சென்ட்ரலில் இல்லை, மீனம்பாக்கத்தில் இருக்கிறது. ஒரு தளம் நகர மையங்களுக்கு இடையே அளந்து, மற்றொன்று ஓடுபாதைகளுக்கு இடையே அளந்தால், இரண்டும் சரியாகக் கணக்கிட்டும் விடை வேறாகத்தான் வரும்.

இந்தக் கணக்கை யாரும் தாளில் போட்டுப் பார்க்கலாம். சென்னை விமான நிலையம் வடக்கு 12.99 பாகை, கிழக்கு 80.17 பாகையில் உள்ளது. அட்சரேகை வேறுபாடு 3.16 பாகை. நம் பகுதியில் ஒரு பாகை ஏறத்தாழ 110.6 கி.மீ. என்பதால் வடக்கு நோக்கிய தூரம் 349 கி.மீ. தீர்க்கரேகை வேறுபாடு 2.08 பாகை. பூமத்திய ரேகையில் ஒரு பாகை 111.3 கி.மீ.; வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால், மதுரைக்கும் சென்னைக்கும் நடுவே அதை 0.98 ஆல் பெருக்க வேண்டும். கிழக்கு நோக்கிய தூரம் 227 கி.மீ. வருகிறது. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு பிதாகரஸ் தேற்றப்படி கர்ணத்தைக் கண்டால் 416 கி.மீ. பள்ளிக்கூடக் கணிதம் தரும் இந்த விடை, கணினி தரும் விடையோடு ஒரு கிலோமீட்டருக்குள் ஒத்துப்போகிறது.

இதே முறையில் கொழும்பை அளந்தால் பலருக்கும் வியப்பூட்டும் விடை கிடைக்கும். மதுரையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் ஏறத்தாழ 353 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. அதாவது, மாநிலத் தலைநகரைவிட அண்டை நாட்டின் பெரிய நகரம் மதுரைக்கு அறுபது கிலோமீட்டருக்கும் மேல் அருகில் உள்ளது. 2012ஆம் ஆண்டு மதுரையிலிருந்து வெளிநாட்டு விமானச் சேவை தொடங்கியபோது முதல் விமானம் கொழும்புக்குப் பறந்ததில் இந்த அண்மைக்கும் பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

அலகு இன்னொரு குழப்பம். விமானிகளும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைகளும் கடல் மைலில் பேசுகிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; தரை மைல் 1.609 கி.மீ. ஆகவே மதுரை–சென்னைத் தூரத்தை 225 என்றும், 259 என்றும், 416 என்றும் மூவர் எழுதினால் மூவரும் சொல்வது ஒன்றையே.

நேர்கோடும் உண்மையான பாதையும்

உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வழியைப் பெருவட்டப் பாதை என்பார்கள். தட்டையான வரைபடத்தில் அது வளைந்து தெரியும். தில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நூல் பிடித்தால் அது வடதுருவத்தை ஒட்டிச் செல்லும். தட்டை வரைபடத்தில் அதைக் கற்பனை செய்வதே கடினம். ஆனால் மதுரை பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இந்த வளைவு நம்மைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. மதுரை–துபாய்க்கு, திசையை மாற்றாமல் ஒரே கோணத்தில் பறக்கும் பாதைக்கும் பெருவட்டப் பாதைக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2 கி.மீ. மட்டுமே.

அந்தக் குறுகிய கோடு எவற்றின் மேல் செல்கிறது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது. மதுரையிலிருந்து வடமேற்காகக் கிளம்பும் துபாய்க் கோடு கொடைக்கானல் மலைப்பகுதியைத் தொட்டு, பாலக்காட்டுக்குச் சற்று வடக்கே சென்று, கோழிக்கோட்டுக்கு வடக்கே கரையைக் கடக்கிறது. அதன் பின் நெடுந்தொலைவுக்கு அரபிக்கடல்தான். மறுகரை ஓமனில், மஸ்கட் அருகே வருகிறது. சிங்கப்பூர்க் கோடோ பாக் நீரிணைப் பக்கமாக இலங்கையின் வன்னிப் பகுதியைக் கடந்து, வங்கக் கடலின் தென்பகுதி வழியாகச் சுமத்திராவின் வட பகுதிக்குப் போகிறது.

விமானங்கள் இந்தக் கோட்டை அப்படியே பின்பற்றுவதில்லை. வானத்திலும் பெயரிடப்பட்ட சந்திப்புகளும் வழித்தடங்களும் உண்டு. படைத்துறைக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளையும் இடிமேகங்களையும் விலக்கிச் செல்ல வேண்டும். இதனால் பறக்கும் தூரம் எப்போதும் நேர்கோட்டைவிடச் சில விழுக்காடு கூடுதலாகவே இருக்கும்.

வான்வெளி மூடல் செய்திகளைப் படிக்கும்போது மேற்சொன்ன கோடுகளை நினைவில் வைத்தால் பாதிக் கவலை தீரும். 2019இல் பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் வான்வெளி பெரும்பாலும் அடைபட்டிருந்தது. 2025 ஏப்ரல் 24 அன்று அந்நாடு இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மறுபடியும் மூடியது. தில்லி, அமிர்தசரஸ், லக்னோ போன்ற ஊர்களிலிருந்து மேற்கே செல்லும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டியதாயிற்று. மதுரை–துபாய்த் தடம் பாகிஸ்தான் வான்வெளியைத் தொடுவதே இல்லை. மும்பை கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து அரபிக்கடலின் மேலேயே மஸ்கட் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் அது நுழைந்துவிடுகிறது. ஆகவே அந்த மூடலால் நம் பகுதியின் துபாய் விமானத்துக்கு நேரடியாகப் பறக்கும் நேரம் கூடவில்லை. தில்லி வழியாக மாறிச் செல்லும் டிக்கெட் எடுத்தவர்களின் நிலை வேறு.

சென்னைக்கு 416 கி.மீ.; அரை மணியில் போய்விட வேண்டாமா?

ஏர்பஸ் 320, போயிங் 737 ரக விமானங்கள் உயரே சீராகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ. வேகத்தில் செல்கின்றன. 416ஐ 830 ஆல் வகுத்தால் 30 நிமிடம். ஆனால் டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடம் முதல் 1 மணி 30 நிமிடம் வரை போட்டிருப்பார்கள். மீதி நேரம் எங்கே போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையமான கேள்வி.

1. டிக்கெட் காட்டுவது பறக்கும் நேரத்தை அன்று. நிறுத்துமிடத்தில் சக்கரங்களுக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, சேருமிடத்தில் மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் கணம் வரையிலான நேரத்தையே அது காட்டுகிறது. விமானத் துறையில் இதற்கு ‘பிளாக் டைம்’ என்று பெயர். ஓடுபாதைக்கு உருண்டு செல்வது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் நிறுத்துமிடம் தேடி வருவது எல்லாம் இதில் அடங்கும். சென்னை போன்ற நெரிசலான நிலையத்தில் இதற்கே கால் மணி நேரம் கழியக்கூடும்.

2. முழு வேகம் தரையிலிருந்தே வருவதில்லை. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ. வேகத்தைத் தாண்டுவதில்லை. அதற்கு மேலேதான் வேகம் கூடும்.

3. இறங்குவதற்கு நீண்ட தூரம் வேண்டும். ஒவ்வொரு ஆயிரம் அடி இறங்கவும் மூன்று கடல் மைல் என்பது விமானிகள் மனக்கணக்காகப் போடும் விதி. சென்னைக்குச் செல்லும் விமானம் 27,000 அடி உயரத்துக்கு ஏறியிருந்தால் இறங்க 81 கடல் மைல், அதாவது 150 கி.மீ. தேவை. மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்கத்துக்கே போய்விடுகிறது. ஏற்றத்துக்கும் ஏறத்தாழ அவ்வளவு தூரம் கொடுத்தால், நடுவில் சமமாகப் பறப்பது பத்து நிமிடம்கூட இருக்காது. தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் இருக்கைப் பட்டையை அணியச் சொல்லும் அறிவிப்பு வருவது இதனால்தான். கடைசிக் கட்டத்தில் வேகம் மணிக்கு 250 கி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும்.

4. கிளம்பும் திசையும் இறங்கும் திசையும் காற்றின் கையில் இருக்கின்றன. மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. அதன் இரு முனைகளுக்கும் 09, 27 என்று பெயர், அதாவது காந்த ஊசியின் 90 பாகை, 270 பாகை. விமானம் எதிர்காற்றில் எழுவதே பாதுகாப்பு. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் திருமங்கலத்துப் பக்கம் முகம் வைத்து எழுந்து, பிறகு வட்டமடித்துத்தான் சென்னைக்குத் திரும்ப முடியும். கீழைக்காற்று வீசும்போது திருப்புவனத்துப் பக்கமாக எழுந்து இடப்புறம் திரும்பினால் போதும். சென்னையிலும் இதே நிலைதான்: மேல்காற்று வீசும் நாளில், தெற்கிலிருந்து வரும் விமானம் கடல் பக்கம் போய், கரையைக் கடந்து மேற்கு நோக்கி இறங்க வேண்டும்.

5. எஞ்சியிருப்பது முன்னெச்சரிக்கை நேரம். வழக்கமாக நேரும் தாமதங்களை விமான நிறுவனங்கள் கால அட்டவணையிலேயே சேர்த்துவிடுகின்றன. தடை ஒன்றும் இல்லாத நாளில் விமானம் இருபது நிமிடம் முன்னதாகச் சேர்ந்தால், விமானி வேகமாக ஓட்டினார் என்று பொருளில்லை. சேர்த்து வைத்த நிமிடங்கள் செலவாகவில்லை என்றே பொருள்.

இந்த ஐந்தையும் பார்த்த பின், இறக்கையில் புரொப்பெல்லர் விசிறிகள் சுழலும் ஏடிஆர் 72 ரக விமானம் ஏன் அவ்வளவு பின்தங்குவதில்லை என்பது விளங்கும். அதன் சீர்வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வெறும் வகுத்தல் கணக்கில் சென்னைக்கு 50 நிமிடம். ஜெட் விமானத்தைவிட 20 நிமிடம் கூடுதல். ஆனால் அது அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. ஏற்ற இறக்கத்தில் வேக வேறுபாடு சிறிது என்பதால், நடைமுறையில் இடைவெளி அதைவிடக் குறைவாகவே இருக்கும். தூரம் கூடக்கூடத்தான் ஜெட்டின் வேகம் பலன் தரும். 1,170 கி.மீ. தொலைவிலுள்ள மும்பைக்கோ, 2,075 கி.மீ. அளவிலுள்ள தில்லிக்கோ ஏடிஆரில் போக யாரும் நினைக்க மாட்டார்கள்.

ரயிலோடு ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும். தேஜஸ் விரைவு ரயில் மதுரையிலிருந்து எழும்பூருக்கு ஏறத்தாழ ஆறேகால் மணி எடுத்துக்கொள்கிறது. விமானத்தின் ஒன்றேகால் மணியை அதன் பக்கத்தில் வைத்து ஐந்து மணி நேரம் மிச்சம் என்று சொல்வது முழுக் கணக்காகாது. வீட்டிலிருந்து பெருங்குடிக்கு, நிலையத்தில் சோதனைக்கும் காத்திருப்புக்கும், மீனம்பாக்கத்திலிருந்து போக வேண்டிய இடத்துக்கு எனக் கூட்டினால் மிச்சம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கலாம்.

காற்று எடுப்பதும் கொடுப்பதும்

விமானத்தின் வேகம் காற்றைச் சார்ந்தது. பயணியின் நேரம் தரையைச் சார்ந்தது. ஆற்றோட்டத்தில் போகும் பரிசலைப் போல, காற்று நகரும் அளவு விமானத்தின் தரை வேகத்தில் கூடும் அல்லது கழியும்.

துபாய்த் தடத்தில் மேற்கிலிருந்து சராசரியாக மணிக்கு 60 கி.மீ. காற்று வீசுவதாகக் கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் 2,950 கி.மீ.க்கு 3 மணி 33 நிமிடம். போகும்போது தரை வேகம் 770. நேரம் 3 மணி 50 நிமிடம். வரும்போது தரை வேகம் 890. நேரம் 3 மணி 19 நிமிடம். ஆகவே மேற்கே போவது அரை மணி நேரம் கூடுதல். இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: போகும்போது இழந்தது 17 நிமிடம், வரும்போது திரும்பக் கிடைத்தது 14 நிமிடம். எதிர்காற்றில் மெதுவாகப் போகும்போது அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் இருக்கிறோம். ஆகவே இழப்பு எப்போதும் ஆதாயத்தைவிடப் பெரிதாகவே இருக்கும்.

இந்தக் காற்று ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி வீசுவதில்லை என்பதே இந்தத் தடத்தின் சிறப்பு. குளிர்காலத்தில் வட இந்தியா, வளைகுடா அட்சரேகைகளில் மேற்கிலிருந்து ஜெட் காற்றோட்டம், அதாவது மிக உயரத்தில் ஆறு போல ஓடும் விரைவான காற்று, பலமாக வீசுகிறது. துபாய் நெருங்க நெருங்க எதிர்காற்று வலுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரையோ தென்னிந்தியாவின் மேல், மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்றோட்டம் உருவாகிறது. தரையில் தென்மேற்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும் அதே நாளில், தலைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த வெப்பமண்டலக் கிழக்கு ஜெட்டை 1950களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. கோடேஸ்வரம். அந்த மாதங்களில் மதுரையிலிருந்து மேற்கே செல்லும் விமானத்துக்குப் பயணத்தின் தென்பகுதியில் பின்காற்று கிடைக்கிறது. சிங்கப்பூர் செல்லும் விமானத்துக்கு அதுவே எதிர்காற்று. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் விமான அட்டவணை மாறும்போது, அதே தடத்தின் பயண நேரமும் ஐந்து பத்து நிமிடம் மாறித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் எதிரே வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. மதுரை இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்கு ஏறத்தாழ 1,650 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. அந்தச் சுழற்சி விமானத்தை விட்டுவிட்டுப் போவது உண்மையானால், 830 கி.மீ. வேகத்தில் கிழக்கே பறக்கும் எந்த விமானமும் சிங்கப்பூரை எட்டவே முடியாது. காற்று மண்டலம் முழுவதும் தரையோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானமும் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது.

கடிகாரம் செய்யும் வேலை

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வரலாம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சாகிறது. இந்திய நேரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னே உள்ளது. துபாய் 4 மணி, சிங்கப்பூர் 8 மணி. துபாய்க்குப் போகும்போது கடிகாரத்தை ஒன்றரை மணி பின்னே தள்ளுகிறோம். சிங்கப்பூருக்குப் போகும்போது இரண்டரை மணி முன்னே தள்ளுகிறோம். இரண்டையும் கூட்டினால் நான்கு மணி. நண்பகலில் கிளம்பிய இரு விமானங்களின் சேரும் நேரத்துக்கு இடையே தெரிந்த நான்கு மணி இதுவே.

திரும்பும் பயணத்தில் தோற்றம் தலைகீழாகிறது. துபாயிலிருந்து மாலை 4 மணிக்குக் கிளம்பி 3 மணி 45 நிமிடத்தில் மதுரை வந்தால், இங்கே இரவு 9:15. கடிகாரப்படி போகும்போது 2 மணி 45 நிமிடம், வரும்போது 5 மணி 15 நிமிடம். உண்மையிலோ போனது 4 மணி 15 நிமிடம், வந்தது 3 மணி 45 நிமிடம். எது நீண்ட பயணம் என்பதையே கடிகாரம் மாற்றிக் காட்டிவிடுகிறது.

நேர மண்டலங்கள் சூரியனை அப்படியே பின்பற்றுவதும் இல்லை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. மதுரைக்கும் துபாய்க்கும் இடையிலான 22.7 பாகைக்கு 91 நிமிடம். கடிகார வேறுபாடு 90 நிமிடம். இவ்வளவு அழகாகப் பொருந்துவது தற்செயல்தான். சிங்கப்பூரோடு உள்ள 25.9 பாகைக்கு 104 நிமிடமே வருகிறது. கடிகாரமோ 150 நிமிடம் காட்டுகிறது. சிங்கப்பூர் 1982 தொடக்கத்தில் தன் கடிகாரத்தை ஏழரையிலிருந்து எட்டு மணிக்கு நகர்த்திக்கொண்டது. அதன் சூரியனைவிட அதன் கடிகாரம் ஒரு மணிக்கு மேல் முந்தி ஓடுகிறது. இலங்கை 2006 ஏப்ரலில் மறுபடியும் இந்திய நேரத்துக்கே வந்துவிட்டதால் கொழும்புப் பயணத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

இந்தக் கணக்கில் தேதி தவறும்போது வரும் சிரமம் உண்மையானது. துபாயிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு 11:30க்கு விமானம் என்றால், அந்தக் கணத்தில் இங்கே ஏற்கெனவே சனிக்கிழமை அதிகாலை 1 மணி. 3 மணி 45 நிமிடப் பயணம் என்றால் விமானம் சனிக்கிழமை அதிகாலை 4:45க்குத் தரைதொடும். டிக்கெட்டில் சேரும் நேரத்தின் பக்கத்தில் சிறியதாக ‘+1’ என்று இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அந்தச் சிறு எண் கண்ணில் படாமல், வெள்ளிக்கிழமை அதிகாலையே தேவகோட்டையிலிருந்தோ கம்பத்திலிருந்தோ வேன் பிடித்து, பாட்டி முதல் கைக்குழந்தை வரை கிளம்பி வந்து பெருங்குடியில் ஒரு நாள் முழுவதும் காத்திருக்க நேர்ந்தால், அதற்குக் காரணம் கவனக்குறைவு மட்டும் அன்று. ஒரே வரியில் இரு ஊர்களின் கடிகாரங்களை அச்சிட்டு, எது எந்த ஊர் நேரம் என்று சொல்லாமல் விடும் வழக்கமே முதற்காரணம்.

இந்த எண்கள் எங்கே பணமாகவும் உரிமையாகவும் மாறுகின்றன?

தூரத்தையும் நேரத்தையும் அரசு விதிகளே அளவுகோலாகப் பயன்படுத்துகின்றன. ஆனால் எப்போதும் ஒரே அளவுகோல் அன்று.

கொரோனா காலத்தில், 2020 மே மாதம் முதல் 2022 ஆகஸ்ட் வரை, உள்நாட்டு விமானக் கட்டணத்துக்கு ஒன்றிய அரசு விதித்த வரம்புகள் பயண நேரத்தின்படி அமைந்தன. 40 நிமிடத்துக்குக் குறைவானவை, 40 முதல் 60 வரை, 60 முதல் 90 வரை என ஏழு அடுக்குகள். 2025 டிசம்பரில் விமானங்கள் பெருமளவில் ரத்தாகிக் கட்டணம் எகிறியபோது விதித்த உச்சவரம்போ தூரத்தின்படி அமைந்தது: 500 கி.மீ. வரை 7,500 ரூபாய். 500 முதல் 1,000 வரை 12,000. 1,000 முதல் 1,500 வரை 15,000. அதற்கு மேல் 18,000. வரிகளும் நிலையக் கட்டணங்களும் தனி. மதுரையிலிருந்து சென்னையும் (416) பெங்களூரும் (375) முதல் அடுக்கு. ஹைதராபாத் (ஏறத்தாழ 820) இரண்டாம் அடுக்கு. மும்பை மூன்றாம் அடுக்கு. தில்லி நான்காம் அடுக்கு. அப்போது சென்னையில் மாறித் தில்லி செல்வதாக ஒரே டிக்கெட் எடுத்தவர், தன் கட்டணம் எந்தத் தூரத்தின்படி என்று கேட்பதற்கு முன் இந்த எண்களைக் கையில் வைத்திருப்பது நல்லதாக இருந்தது.

விமானம் ரத்தாகும்போது கிடைக்கும் இழப்பீட்டுக்கு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி ‘பிளாக் டைம்’ கணக்கையே எடுத்துக்கொள்கிறது. உரிய முன்னறிவிப்பு இல்லாமல், நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட காரணத்தால் ரத்து செய்தால், ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இவற்றில் எது குறைவோ அது. மதுரை–சென்னைப் பயணத்தில் வானில் கழிவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவே. ஆனாலும் டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம் என்று இருப்பதால் அது இரண்டாம் அடுக்கில் சேர்கிறது. அட்டவணையில் நிறுவனம் தன் வசதிக்குச் சேர்த்துக்கொண்ட நிமிடங்கள் இந்த ஓர் இடத்தில் பயணிக்குச் சாதகமாகின்றன.

தாமதத்தின்போது உணவு, சிற்றுண்டி தருவதற்கான வரம்பும் இதே கணக்குதான். பயண நேரம் இரண்டரை மணி வரை இருந்தால் இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே தர வேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி வரையிலான பயணம் என்றால் மூன்று மணி நேரத் தாமதத்தில். துபாய் டிக்கெட்டின் 12:00, 2:45 என்ற இரு எண்களையும் கழித்து இரண்டே முக்கால் மணி என்று எழுதிக் கேட்டால் கணக்குத் தவறு. ஒன்றரை மணியைக் கூட்டி நாலேகால் மணி என்று எழுத வேண்டும். சிங்கப்பூர் டிக்கெட்டில் கடிகாரம் காட்டும் ஆறே முக்கால் மணியிலிருந்து இரண்டரையைக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் ஐந்து மணி வரம்பைத் தாண்டிய பயணமாகிவிடும். அந்த வகைக்கு உணவு தர வேண்டிய தாமதம் நான்கு மணி நேரம். கழித்தால் அதுவும் நாலேகால் மணிப் பயணம்தான்; மூன்று மணி நேரத் தாமதத்திலேயே உணவு கேட்க உரிமை உண்டு.